மருந்தடிக்கும் ட்ரோன் தரையிறங்கும்போது: வன்னி வயல்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வயலுக்கு மேலே நேர்கோட்டில் ஓடும்வரை மருந்தடிக்கும் ட்ரோன் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். தாங்கியைக் காலி செய்துவிட்டு வரம்புப் பக்கம் திரும்பி, ஆள் உயரத்துக்கு இறங்கும்போதுதான் சரியும், புரளும், வாய்க்காலுக்குள் பாயும். அந்த நேரத்தில் அதைச் சுற்றி ஆட்களும் நிற்பார்கள். பற்றரி மாற்றும் இளைஞர், மருந்து கலக்குபவர், வயல்காரர், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள். இறக்குவதையும், இறக்கும்போது விழுந்தால் செய்யவேண்டியதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன். மேலே ஓட்டும் வித்தையை இயந்திரத்தை விற்றவரே கற்றுத் தருவார்.

ஏன் இறங்கும்போது?

இது ட்ரோனோடு வந்த தொல்லை அன்று. விமானத்திலிருந்து மருந்து தூவும் வேலை 1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ட்ரோய் என்ற ஊருக்கு அருகே தொடங்கியது. மரங்களைத் தின்ற புழுக்களின்மேல் ஜோன் மக்ரெடி என்ற இராணுவ விமானி ஈய ஆர்சனேற்றுத் தூளைத் தூவினார். இன்று அதே வேலைக்கு ஏர் டிராக்டர் 802 போன்ற விமானங்கள் ஏறத்தாழ 3,000 லீற்றர் மருந்தோடு பறக்கின்றன. பண்ணை ஓரத்துக் குறுகிய ஓடுபாதையில் இறங்கி, நிரப்பி, மீண்டும் ஏறுவதே விமானியின் அன்றாடம். இவ்விமானங்களுக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கிறது. எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுவதால், தரை தொட்ட பிறகு பக்கக்காற்று சற்றுத் தள்ளினாலும் வால் முன்னால் வரப் பார்க்கும். விமானி சுக்கான் மிதியில் வைத்த காலை ஒரு கணம் தளர்த்தினால் விமானம் தன்னைத் தானே சுற்றி இறக்கையைத் தரையில் இடித்துக்கொள்ளும்.

நம்முடைய வெளிகளில் அப்படி ஒரு விமானத்துக்கு வேலை இல்லை. இரண்டு ஏக்கருக்கு ஒரு சொந்தக்காரர், முழத்துக்கு ஒரு வரம்பு, கண்ட இடமெல்லாம் பனை. ஆனால் இறங்கும் தடவைகளின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். ஏக்கருக்கு 10 லீற்றர் அடிப்பதாக வைத்துக்கொண்டால், 40 லீற்றர் தாங்கியுள்ள ட்ரோன் 4 ஏக்கருக்கு ஒருமுறை இறங்கும். 10 லீற்றர் தாங்கியென்றால் ஏக்கருக்கு ஒருமுறை. கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்திலோ முரசுமோட்டையிலோ 40 ஏக்கர் வெளியை ஒரு காலையில் முடிக்க ஒப்புக்கொண்டவர் சிறிய இயந்திரத்தோடு வந்தால் நாற்பது தடவை இறக்க வேண்டும். நாற்பதாவது தடவை இறக்கும் கை முதல் தடவை இறக்கிய கை அன்று. கூலியை ஏக்கர்க் கணக்கில் பேசுகிறோம். களைப்பு இறங்கும் கணக்கில் வருகிறது. பத்துத் தடவைக்கு ஒருமுறை ரிமோட்டை வைத்துவிட்டு நிழலில் இருங்கள். வயல்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

முதற்படி: இறங்கும் இடத்தைத் தேர்தல்

நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பலர் உழவு இயந்திரம் நிற்கும் இடத்திலேயே ட்ரோனையும் இறக்கிவிடுகிறார்கள், தண்ணீர்த் தாங்கி அங்கே இருப்பதால். அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை பெரியது.

40 லீற்றர் ரக ட்ரோன் ஒன்று பற்றரியோடு, வெறும் தாங்கியோடு ஏறத்தாழ 50 கிலோ. மருந்தோடு 90 கிலோ. அந்த எடையைத் தாங்கச் சுழலிகள் (விசிறிகள்) கீழே தள்ளும் காற்று கிரவல் வீதியில் அடித்தால் செம்புழுதி கிளம்பி இயந்திரத்தையே மூடிவிடும். கீழ்நோக்கிப் பார்க்கும் கமராவுக்குத் தரை தெரியாது. தரை தெரியாத ட்ரோன் நின்ற இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும். சிறு கற்கள் எகிறிச் சுழலியைக் கீறும். வேறு இடம் இல்லாமல் கிரவலில்தான் இறக்க வேண்டுமென்றால், முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள்.

நீர் கட்டிய வயலுக்கு மேலேயும் அதே கமரா ஏமாறும். மாரிமழையோடு செய்யும் காலபோகத்தில் பயிர் இன்னும் மூடாத நாட்களில் தண்ணீர் வெயிலில் மின்னும். காற்று அடிக்க அலை எழும். தரை ஓடுகிறது என்று கருவி கணக்கிட்டுவிடும். ஆகவே வரம்போரமாகத் தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து வந்து கடைசி நொடியில் மேட்டுக்குத் தாவுவது கூடாது.

நல்ல இடம் எது? அறுவடை முடிந்த மேட்டுக்காணி, சூடு மிதிக்கும் களம், குறும்புல் வெளி. குறைந்தது 5 மீற்றருக்கு 5 மீற்றர் சமதரை வேண்டும். அதைச் சுற்றி 15 மீற்றருக்குள் ஆள் நிற்கக்கூடாது. வரம்பின்மேல் இறக்கவே கூடாது. ஒரு கால் வரம்பிலும் மறுகால் காற்றிலுமாக நிற்கும் ட்ரோனைச் சமப்படுத்த அதன் கணினி ஒரு பக்கச் சுழலியை வேகமாக முறுக்கும். தொட்ட கால் அச்சாகி மற்றப் பக்கம் மேலே எழும்பிக் கவிழும். சரிவான நிலத்திலும் இதுவே நடக்கும். சேற்றில் ஆபத்து இறங்கும்போதல்ல, திரும்ப எழும்போது வரும்: புதைந்த கால் ஒன்று விடுபட மறுக்க, மற்றது எழுந்துவிடும். ஈரநாட்களில் இரண்டு அகலப் பலகைகளைக் கொண்டுபோங்கள்.

இறங்கும் இடத்தில் படங்கு விரிப்பவர்கள் நான்கு மூலையிலும் நடுவிலும் முளை அடிக்க வேண்டும். கல் வைத்தால் போதாது. சுழலிக் காற்றில் படங்கின் ஓரம் எழும்பினால் அடுத்த கணம் அது சுழலிக்குள் இருக்கும். காலி உரப்பை, கயிற்றுத் துண்டு, பொலித்தீன், தோளில் போட்ட துவாய் எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே. உழவு இயந்திரப் பெட்டியின்மேல் இறக்கும் பழக்கத்தையும் விடுங்கள். இரும்பு திசைகாட்டியைக் குழப்பும். பெட்டியின் விளிம்பில் பட்டுத் திரும்பும் காற்று ஒரு பக்கத்தைத் தூக்கும்.

இரண்டாம் படி: காற்றைப் பார்த்தல்

காலபோகத்தில் மழை நம்மைத் தடுத்துவிடுகிறது. கோடையில் செய்யும் சிறுபோகத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுதான் எதிரி. விடியற்காலையில் அசையாத தென்னோலை ஒன்பது மணிக்கெல்லாம் பேயாட்டம் ஆடும். பல இயந்திரங்களின் கையேடுகள் நொடிக்கு 6 முதல் 8 மீற்றர் வரையான காற்றைத் தாங்கும் என்கின்றன. அது இயந்திரம் விழாமல் நிற்கும் எல்லை. மருந்து அடுத்த காணிக்குப் போகாமல் இருக்க அதில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். காற்று அந்தப் பாதியைத் தொட்டதுமே வேலையை நிறுத்தினால் இறக்கும் சிக்கலும் வராது.

ட்ரோன் காற்றை எதிர்த்து வந்து இறங்க வேண்டும். நீங்கள் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். சொட்டும் மருந்தும் புழுதியும் உங்கள்மேல் வராது. பனைவரிசைக்கு மறைவான பக்கத்தில் காற்றே இல்லாததுபோல் தோன்றும். நம்பாதீர்கள். மரத்துக்கு மேலே அடிக்கும் காற்று அந்த மறைவில் சுருண்டு விழும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களின் கட்டுக்கு அடியில் உள்ள காணிகளிலும் இந்தச் சுருள் உண்டு. கட்டிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் இறக்குங்கள்.

மூன்றாம் படி: திரும்பும் முடிவு

இன்னும் ஒரு வரிசைதானே என்ற ஆசையில் கெடுபவர்கள் உண்டு. பற்றரி 30 வீதத்துக்கு வந்ததும் திருப்புங்கள். திரையில் காட்டும் வீதம் சீராகக் குறைவதில்லை. பழைய பற்றரியில், சுமை கூடும்போது மின்னழுத்தம் திடீரென்று சரியும். அப்போது இயந்திரம் உங்களைக் கேட்காமலே இருந்த இடத்தில் இறங்கத் தொடங்கும். அது கிணறா, குளமா, மாட்டு மந்தையா என்று அதற்குக் கவலையில்லை.

ட்ரோன் தானாகத் திரும்பி வந்து இறங்கும் இடமான ‘வீட்டுப் புள்ளி’யைச் சரிபார்ப்பது அடுத்தது. காலையில் ஒரு வரம்பிலிருந்து கிளப்பிவிட்டுப் பிறகு வாகனத்தோடு அரைக் கிலோமீற்றர் நகர்ந்தவர், அந்தப் புள்ளியை மாற்ற மறந்தால், தொடர்பு அறுந்ததும் ட்ரோன் பழைய வரம்புக்கே போய் இறங்கும். அங்கே இப்போது யாரோ பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். திரும்பி வரும் உயரத்தையும் பாருங்கள். பனை 30 மீற்றர் வரை வளரும். காட்டோர வெளியில் 15 மீற்றர் உயரத்தில் தானாகத் திரும்பி வரும் ட்ரோன் பனையோலைக்குள் போய்க் குந்தும். தடையுணரும் ராடார் இருக்கிறதே என்பார்கள். மெல்லிய மின்கம்பியையும் யானைவேலிக் கம்பியையும் அது தவறவிடக்கூடும். வேலை தொடங்குமுன் வெளியைச் சுற்றி ஒருமுறை நடந்து, கம்பி போகும் இடங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதற்கு மாற்று இல்லை.

நான்காம் படி: கடைசி மூன்று மீற்றர்

உயரத்தில் நின்று நேர் கீழே வேகமாக இறக்காதீர்கள். கீழே தள்ளிய காற்று சுழன்று மேலே வந்து அதே சுழலிக்குள் மறுபடியும் நுழையும். தூக்கும் விசை போய்விடும். விசையை எவ்வளவு கூட்டினாலும் மேலும் அமிழும். அப்படி நடந்தால் முன்னாலோ பக்கவாட்டிலோ தள்ளிப் புதிய காற்றுக்குள் கொண்டுபோவதே வழி. சாய்வாக, நடைவேகத்தில் இறக்கினால் இந்த நிலை வராது.

பாதி மருந்து மிஞ்சிய தாங்கி முழுத்தாங்கியைவிடப் பொல்லாதது. திடீரென்று நிறுத்தினால் உள்ளே திரவம் முன்பக்கம் பாயும். இயந்திரம் மூக்கைக் குத்தும். இறங்கும் இடத்துக்கு 10 மீற்றர் முன்பே வேகத்தைக் குறைத்து, 3 மீற்றர் உயரத்தில் சற்று நிறுத்தி, ஆட்டம் அடங்கிய பிறகு இறக்குங்கள். முழங்கால் உயரத்தில் தயங்கக்கூடாது. தரையில் பட்டுத் திரும்பும் காற்று அந்த உயரத்தில்தான் இயந்திரத்தை அலைக்கழிக்கும். இறங்குவதென்று முடிவெடுத்தால் இறக்குங்கள். மனம் ஒப்பாவிட்டால் மேலே தூக்கி மறுபடி வாருங்கள். தரை தொட்டதும் ரிமோட்டின் விசைக் குச்சியை முழுதும் கீழே இழுத்து, சுழலி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே ஆள் கிட்டப் போகலாம். மயில், மாடு, பிள்ளை எது குறுக்கே வந்தாலும் மேலே தூக்குவதுதான் முதல் வேலை, கத்துவது இரண்டாவது.

விழுந்துவிட்டால்: முதல் நிமிடம்

ஓடாதீர்கள். பல இலட்சம் ரூபா இயந்திரம் சேற்றில் கிடக்கும்போது நின்று பார்ப்பது கடினம்தான். ஆனால் கவிழ்ந்த ட்ரோனின் கணினி தன்னை நிமிர்த்தப் பார்க்கும். நாலரை அடி நீளச் சுழலி ஒன்று சேற்றை வாரிக்கொண்டு இன்னும் சுற்றக்கூடும். ரிமோட்டில் மோட்டரை நிறுத்துங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் இரண்டு குச்சிகளையும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ கீழ்மூலைக்கு இழுத்துப் பிடிப்பது இதற்கான வழி. உங்கள் இயந்திரத்துக்கு எது என்பதை முன்பே பழகியிருக்க வேண்டும். ரிமோட்டை அணைக்க வேண்டாம். அணைத்தால் சில இயந்திரங்கள் தொடர்பு அறுந்ததாக எண்ணித் தானாக எழ முயலலாம்.

பிறகு ஆட்களை எண்ணுங்கள். யாருக்காவது பட்டிருக்கிறதா? இல்லையென்றால், காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று பற்றரியைப் பாருங்கள்.

பற்றரி

இந்த ரகப் பற்றரிகள் 52 வோல்ட் அளவில், 30,000 மில்லி அம்பியர் மணி வரை மின்சாரத்தை அடைத்து வைத்திருக்கின்றன. நசுங்கினாலோ துளைபட்டாலோ சற்று நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். புகை, சீறல், உப்பல் ஏதாவது தெரிந்தால் கிட்டப் போகவேண்டாம். அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. எரியட்டும். சுற்றியுள்ள வைக்கோலையும் காய்ந்த புல்லையும் அகற்றி, முடிந்தால் தொலைவிலிருந்து நிறையத் தண்ணீர் அடித்துக் குளிரவைக்கலாம். ஒரு வாளி போதாது. அணைந்ததுபோல் அடங்கி மறுபடியும் எரியும். தண்ணீர் இல்லையென்றால் மணலால் மூடுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லையென்றால், கையுறையோடு பற்றரியைக் கழற்றித் திறந்த வெளியில், கொட்டிலிலிருந்தும் வாகனத்திலிருந்தும் தள்ளி, ஒரு நாள் முழுதும் வையுங்கள். வாகனத்தின் பின்னால் போட்டு ஊருக்குக் கொண்டுவருவது வாகனத்தை எரிக்கும் வழி. வாய்க்காலிலோ குளத்திலோ விழுந்த பற்றரி காய்ந்த பிறகு வேலை செய்தாலும் அதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

சிந்திய மருந்து

வயல்காரர்கள் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். முதுகில் சுமக்கும் தெளிகருவியால் அடிக்கும்போது ஒரு ஏக்கருக்கு நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் போகும். ட்ரோனில் அதே அளவு மருந்து 10 லீற்றருக்குள் அடங்குகிறது. அதாவது உடைந்த தாங்கியிலிருந்து ஒழுகுவது நாம் பழகிய கலவையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் செறிவானது. நெல்லைத் தாக்கும் அறக்கொட்டி, மடிச்சுக்கட்டிப் பூச்சிகளுக்கு அடிக்கும் மருந்துகள் பல மீனுக்கு நஞ்சு. பைரத்ரொயிட் வகைப் பூச்சிமருந்து மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். ஒரு காணி வாய்க்காலில் ஒழுகியது கீழ்க்காணிகளுக்கும் போகும், கடைசியில் அடுத்த குளத்துக்கும் போகும். அங்கே ஜப்பான் மீன் (திலாப்பியா) பிடித்துச் சமைக்கும் வீடுகள் இருக்கின்றன.

முதலில், வரம்பில் தண்ணீர் வெளியேறும் வக்கடையை மண்போட்டு அடையுங்கள். மடை திறந்திருந்தால் மூடச் சொல்லுங்கள். கீழ்க்காணிக்காரருக்கும் சொல்லுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. சிந்திய இடத்தைச் சுற்றி மண் அணைத்து, காய்ந்த மணலோ உமியோ கொட்டி ஊறவிட்டு, மண்வெட்டியால் வாரி, பொலித்தீன் உள்ளே போட்ட உரப்பையில் கட்டிப் பெயரெழுதி வையுங்கள். எரிக்கவும் வேண்டாம், கிணற்றடியில் புதைக்கவும் வேண்டாம். அதை எப்படி அழிப்பதென்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். இயந்திரத்தைக் கழுவும் தண்ணீரை மருந்தடித்த அதே வயலுக்கே பாய்ச்சுங்கள். வாய்க்காலில் வைத்துக் கழுவுவது சிந்தியதை நாமே பரப்புவது.

ஆளுக்குப் பட்டால்

சுழலி வெட்டிய காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மருந்தும் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவுபவர் கையுறை போடட்டும். வாயில் போயிருந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். வியர்வை கொட்டுதல், எச்சில் வடிதல், கண்மணி சுருங்குதல், மூச்சுமுட்டல் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எது கிட்டவோ அந்த மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோகட்டும். மருந்துப் போத்தலை, மேலுள்ள தாளோடு, கூடவே அனுப்புங்கள். வைத்தியருக்கு அது தரும் உதவியை வேறெதுவும் தராது.

காட்டுக்குள்ளோ கம்பியிலோ விழுந்தால்

மின்கம்பியில் தொங்கும் ட்ரோனைத் தடியால் தட்ட வேண்டாம். மின்சார சபையினர் வரும்வரை காத்திருங்கள். யானைவேலியில் விழுந்தாலும் அப்படியே. சில இடங்களில் வீட்டு மின்சாரத்தையே திருட்டுத்தனமாகக் கம்பிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அது ஆளைக் கொல்லும்.

வன்னிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. எந்த நாட்டில் அச்சான கையேட்டிலும் அது இருக்காது. 2009இல் போர் முடிந்தும் வெடிபொருட்கள் மண்ணிலிருந்து முழுதும் போய்விடவில்லை. போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கம் மட்டுமல்ல, காட்டோரக் காணிகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் ட்ரோன் விழுந்தால் அது போனதுதான். ‘நாலே எட்டு, எடுத்துவிட்டு வருகிறேன்’ என்று கிளம்புபவரைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பலகை இல்லாத பற்றைக்குள் விழுந்தாலும், ஊர்க்காரர் வழக்கமாக மாடு சாய்க்கும் பாதையா என்று கேட்டுவிட்டே போக வேண்டும். சந்தேகமானால் கிராம சேவகருக்கும் பொலிஸாருக்கும் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றும் குழுவினர் வந்து பார்க்கட்டும்.

அதன் பிறகு

எதையும் நகர்த்துமுன் படம் எடுங்கள்: கிடந்த கோலம், தரையில் உரசிய தடம், உடைந்த துண்டுகள், ரிமோட்டின் திரை. பறப்புப் பதிவை அன்றே தரவிறக்கி வையுங்கள். காப்புறுதி கேட்கும், பழுது பார்ப்பவரும் கேட்பார். ஆளுக்குக் காயமோ பிறருடைய உடைமைக்குச் சேதமோ என்றால் பொலிஸில் முறையிட்டு, இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கும் அறிவியுங்கள். ட்ரோன் பறப்பது அந்த அதிகாரசபையின் அனுமதிக்கு உட்பட்டது. வயலுக்குள் பறப்பதாலே அது விளையாட்டுப் பொருளாகிவிடாது. அனுமதியில்லாமல் ஓட்டியவரை வாடகைக்குப் பிடித்த கமக்காரரும் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே மருந்தடிக்க ஆள் பேசும்போதே அனுமதிப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். இழப்பு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கமக்காரர் அமைப்பின் முன்னிலையில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

பழுதுபார்த்து வந்த இயந்திரத்தில் சுழலிகளை எல்லாம் மாற்றியிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த சுழலி அடுத்த முழுத்தாங்கியில்தான் முறியும். சுழலிகளைத் தாங்கும் ட்ரோன் கைகளின் மடிப்புப் பூட்டை அசைத்துப் பாருங்கள், திசைகாட்டியைப் புதிதாகச் சரிசெய்யுங்கள். பிறகு மருந்து இல்லாமல் வெறுந்தண்ணீர் ஊற்றி, கால்வாசி, அரைவாசி, முழுத்தாங்கி என்று கூட்டி, ஆளில்லாத மேட்டுக்காணியில் எழுப்பி இறக்குங்கள். மோட்டரைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள், அறக்கொட்டி எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.